கரண்ட் அடித்த மனிதரின் பின்னல்

போன கிழமை எங்கள் வீட்டு மின்விசிறி சுழல மறுத்தது. பார்க்க வந்த மின்வேலைக்காரர் மெயின் சுவிச்சை நிறுத்தினார். கரண்ட் இருக்கிறதா என்று ரெஸ்ரரை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் நம்பாமல், உறங்கும் பூனையை எழுப்புவது போலப் புறங்கையால் கம்பியை ஒருமுறை தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணிக்குக் கீழே நின்று சிரிக்கிற பெண்ணை எந்த மின்வேலைக்காரருக்கும் பிடிக்காது.

"ஏனக்கா சிரிக்கிறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. நாலாம் படம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிராது. சொல்கிறேன். ஆனால் அதற்கு முதலில் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்கே எங்கள் குடாநாட்டில் போரினால் மின்சாரம் நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலையிழந்த பெட்டிகள் வீட்டுக்கு வீடு வேறு உத்தியோகம் பார்த்தன. பக்கத்து வீட்டுப் பெட்டி விதை வெங்காயம் காத்தது. எங்களுடையது புத்தக அலுமாரி. எலி நுழையாது, கறையான் ஏறாது, மூடும்போது கதவு கௌரவமாக ஒரு சத்தம் போடும். மேல் தட்டில் என் சான்றிதழ்கள், நடுத்தட்டில் புத்தகங்கள், முட்டை வைக்கும் குழிகளில் பென்சில், இறப்பர், உருகிக் கம்பி. கதவில் நான் எழுதிய பட்டியல்கள். அந்தக் கதவில் இருந்த பட்டியல்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதைப்பற்றி விடுங்கள்.

அப்படிப்பட்ட ஊரில், இருபத்துமூன்று வயதில், எனக்குக் கிடைத்த முதல் வேலை மின்னிணைப்புப் படிப்பிப்பது. குடாநாட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு மண்டபம், பதினான்கு பயிலுநர்கள், ஒரு சுவர் நிறைய சுவிச்சுகள். கரண்ட் மட்டும் இல்லை. ஆகவே பல்ப்பின் வேலையை ஒரு ஆள் பார்க்க வேண்டியிருந்தது. உடுவிலிலிருந்து வரும் வதனிக்குக் குரல் கணீரென்று இருந்ததால் அவளே பல்ப். ஹோல்டருக்குக் கீழே நின்று, கம்பி வழியைக் கண்ணால் ஆராய்ந்து, யாராவது சுவிச்சைப் போட்டதும் "எரியுது" என்பாள். இணைப்புப் பிழையென்றால் "எரியேல்லை". மாடிப்படிக்கு இரண்டு சுவிச்சு வைக்கும் பாடத்தன்று அவள் பாவம். மேலே ஒருவன், கீழே ஒருவன் மாறி மாறிப் போட்டு அணைக்க, "எரியுது, நூந்திட்டன், எரியுது, நூந்திட்டன்" என்று சொல்லி மூச்சு வாங்கி, கடைசியில் "ரீச்சர், நான் பியூஸ் போயிட்டன்" என்று வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள்.

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் வேடிக்கையில்லாத ஒன்றும் அந்த வகுப்பில் இருந்தது. அதன் பெயர் தவம்.

தவம் கெட்டிக்காரன், அவசரக்காரன். கம்பியின் மேலுறையைப் பல்லால் உரிப்பான், கரும்பு கடிக்கிற மாதிரி. சுவரில் பூட்டியிருந்த கம்பியைக்கூட எட்டிக் கடிப்பான். "கத்தி எங்கை?" என்று கேட்டால், "பல்லு கிட்ட இருக்கு ரீச்சர்" என்பான். அவனை மட்டும் குறை சொல்லக்கூடாது. அவன் வீட்டில் தெருக்கம்பத்திலிருந்து வரும் கம்பியில்தான் உடுப்புக் காய்ந்தது. எங்கள் வீட்டிலும் அப்படியே. கம்பி என்றால் அது கொடி. கரண்ட் என்றால் பெரியவர்களின் பழைய கதை. ஆனால் ஒருநாள் அது திரும்பி வரும். வருகிற அன்றைக்கு இந்தப் பதினான்கு பேரும் முதல் ஆளாய்க் கம்பத்தடிக்கு ஓடுவார்கள். பல்லோடு ஓடுவார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்புக்கு ஒரு கட்டுக் கடதாசி கிடைத்தது. கடதாசி பவுண் மாதிரி இருந்த காலம். ஒரு புத்தகத்தை றோனியோ நகல் இயந்திரத்தில் அடித்து ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம். ஒரே ஒரு புத்தகம். தெரிவு செய்யும் பொறுப்பு எனக்கு. நான் பதினொரு தகுதிகள் கொண்ட பட்டியல் எழுதிப் புள்ளியும் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று புத்தகங்கள் போட்டியிட்டன. முதலாவது ட்ராம் வண்டியிலிருந்து தொடங்கியது. எங்களிடம் அப்போது ரயிலே ஓடவில்லை. நீக்கினேன். இரண்டாவது, வகுப்பை நடத்திய குழுவின் தலைவர் ஓவசியர் ஐயா கொண்டுவந்து தந்தது. எண்ணூறு பக்கம், தடித்த அட்டை, இங்கிலிஷ். அதில் தேவையான பக்கங்களை மட்டும் நான் மொழிபெயர்த்து அடிக்கலாம் என்பது அவர் யோசனை. மூன்றாவது, யாரோ பழைய கட்டோடு தந்த அறுபது பக்கப் படப் புத்தகம். அட்டை போய், எழுதியவர் பெயரும் போயிருந்தது. ஆனால் அதன் நடுவில் கரண்ட் அடித்த ஒரு மனிதர் இருந்தார். பெனியன், சாரம், குத்திட்டு நிற்கும் தலைமயிர். அவரைக் காப்பாற்றுவது எப்படி என்று ஏழு படங்கள். எனக்கு அவர்தான் வேண்டும்.

ஓவசியர் ஐயா தெருப் போடும் வேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் கனத்தால் அளப்பார்.

"பிள்ளை, உது என்ன, சின்னப்பிள்ளையளின்ரை கதைப்புத்தகம் மாதிரிக் கிடக்கு? புத்தகம் எண்டால் தலைக்கு வைச்சுப் படுத்தால் தலை உயர வேணும்."

"ஐயா, பெடியள் கம்பியைக் கடிக்கிறாங்கள். அவங்கள் முதல்லை பயப்பிட வேணும்."

"இல்லாத கரண்டுக்கு என்னத்துக்குப் பிள்ளை பயம்?"

 சோதனை வைக்கலாம் என்றேன். பதில் தெரியாதபோது நான் எப்போதும் சோதனை வைப்பேன். வெள்ளிக்கிழமை வதனிக்குப் பெரிய புத்தகம், தவத்துக்குச் சின்னது. திங்கட்கிழமை இருவரும் புத்தகத்தில் படித்தபடி ஒரு பலகையில் சுவிச்சும் பல்ப்பும் பூட்ட வேண்டும். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடம் ஜெனரேற்றரை ஒருமணி நேரத்துக்குக் கேட்டிருந்தேன்.

திங்கட்கிழமை அது தள்ளுவண்டியில், பந்தல் சீலைகளுக்கு மேல் உட்கார்ந்து வந்தது. பெற்றோல் கிடைக்காத காலம்; கண்மருந்துப் போத்தலிலிருந்து மூன்று துளி ஊட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடச் செய்தார்கள். மண்டபம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை. அந்த மணம் எங்கே வந்தாலும் எனக்கு இப்போதும் பரீட்சை நினைவு வரும்.

வதனியின் பலகையில் பல்ப் எரிந்தது. உண்மையான பல்ப். தன் உத்தியோகம் பறிபோவதை அவள் சற்றுப் பொறாமையோடுதான் பார்த்தாள். ஓவசியர் ஐயாவின் முகம் பல்ப்பைவிடப் பிரகாசித்தது.

"எத்தினையாம் பக்கத்திலை பாத்துச் செய்தனி பிள்ளை?"

"முந்நூறாம் பக்கம் வரைக்கும் பல்ப் வரேல்லை ஐயா. தவத்தின்ரையைப் பாத்துச் செய்தன்."

தவத்தின் பலகையும் எரிந்தது. ஆனால் ஹோல்டர் கொஞ்சம் சரிந்திருந்தது. மூடியும் சரியாகப் பூட்டவில்லை. என் பட்டியலில் ஒன்பதாவது தகுதி, ஒழுங்கு. சரிந்த பொருள் எதையும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சில வருடங்களாக எந்தக் கம்பியையும் எப்படித் தொட்டேனோ அப்படியே கையை நீட்டி ஹோல்டரை நிமிர்த்தினேன்.

நான் கத்தவில்லை என்று இன்றும் சொல்வேன். பதின்மூன்று பேர் கத்தினேன் என்கிறார்கள். ஒருவன் மட்டும் ஜெனரேற்றர் சத்தத்தில் கேட்கவில்லை என்றான், அவன் நன்றாயிருக்க வேண்டும். கை உதறி, நிலத்தில் இருந்துவிட்டேன். அவ்வளவுதான். ஆனால் தவம் மெயினை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"ஒருத்தரும் ரீச்சரைத் தொடாதேங்கோ!"

மூலையிலிருந்த, நிலம் கூட்டும் தும்புத்தடியை எடுத்து, அதன் காய்ந்த பிடியால் என் தோளை இடித்து, பலகையிலிருந்து தள்ளத் தொடங்கினான்.

"தவம், நான் எப்பவோ கையை விட்டிட்டன்."

"கதையாதேங்கோ ரீச்சர். மூண்டாம் படம் நடக்குது."

பிறகு புறங்கையால் என் முழங்கையைத் தட்டிப் பார்த்தான். "கரண்ட் இல்லை" என்று சபைக்கு அறிவித்தான். அது நாலாம் படம். ஐந்தாம் படத்துக்கு என்னைத் தூக்கி வாங்கில் கிடத்தினார்கள். ஆறாம் படத்தில் கம்பளி போர்த்த வேண்டும். கம்பளி இல்லை. தள்ளுவண்டியிலிருந்து சரிகை வைத்த சிவப்புப் பந்தல் சீலை வந்தது. தலைக்கு உயரம் போதவில்லை என்று வதனி எண்ணூறு பக்கத்தையும் கொண்டுவந்து வைத்தாள். கலியாணத்தன்று மயங்கி விழுந்த பொம்பிளை போல நான் கிடந்தேன். சந்தைச் சனம் யன்னலில் நின்றது.

தவம் பக்கத்தைப் புரட்டினான். ஏழாம் படத்தைப் பார்த்தான். வாயோடு வாய் வைத்து ஊதுவது. அவன் காது சிவந்தது. புத்தகத்தை மெதுவாக ஓவசியர் ஐயாவிடம் நீட்டினான். ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

நான் எழும்பிவிட்டேன்.

"பாத்தியளே," என்றான் தவம், "ஆறிலையே சுகமாயிட்டுது."

ஐயா சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பிள்ளை, நீரே மறந்து தொட்டால், உவங்கள் என்ன செய்வாங்கள்? உந்தச் சின்னப் புத்தகத்தையே அடியும்."

"உங்கடை புத்தகமும் தலைக்கு வைக்க நல்லாத்தான் கிடந்தது ஐயா."

மறுநாள் தவம் கத்தி கொண்டுவந்தான். கரண்டே இல்லாத சுவரில் மெயினை நிறுத்தினான். "வதனி, நூரும்" என்றான். "நூந்திட்டன்" என்று அவள் சொன்ன பிறகும் நம்பாமல் கம்பியைப் புறங்கையால் தட்டினான். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஏழு படங்களையும் நானே ஸ்ரென்சிலில் கீறினேன். எனக்குப் படம் வராது, கரண்ட் அடித்த மனிதர் ஓவசியர் ஐயாவின் சாயலில் வந்தார். மை போதாமல் மண்ணெண்ணெய் கலந்தோம். பத்தாம் பிரதிக்குப் பிறகு எல்லாம் வெளிறிவிட்டது. பிரதிகளைப் பகிர்ந்து ஒரு கிழமைக்குள், பதினான்கிலும் அந்த மனிதருக்கு ஒரு நீண்ட பின்னல் முளைத்திருந்தது. யார் தொடக்கியது என்று விசாரித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் மண்டபத்தில் பின்னல் முழங்கால் வரை வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி, ஊரோடு வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, எடுக்க வேண்டியவை என்று பதினேழு பொருட்களை எழுதினேன். கையில் வந்தவை நான்கு; அவற்றில் ஒன்று, வகுப்பில் யாரோ விட்டுப்போன பதினான்காவது பிரதி. குளிர்சாதனப் பெட்டி கதவு திறந்தபடி நின்றது. மண்டபம் இப்போது இல்லை. ஓவசியர் ஐயா இல்லை. பதினான்கு பேரும் எங்கெங்கோ போனார்கள். தவம் பனி கொட்டுகிற நாடொன்றில் இருக்கிறான். "இங்கை கையுறை தருகினம் ரீச்சர். எண்டாலும் ஒருக்காப் புறங்கையாலை தட்டுவன், இவங்கள் சிரிக்கிறாங்கள்" என்று எழுதினான். வேறு எது எதுவோ நடந்தது. ஆனால் அந்தப் பதினான்கு பேரில் ஒருவரையும் கரண்ட் கொண்டுபோகவில்லை. அந்தக் கணக்கை நான் சரிபார்த்திருக்கிறேன்.

மின்விசிறி சுழலத் தொடங்கியதும் வந்தவரிடம் கேட்டேன், "தம்பி, எந்தப் புத்தகத்திலை படிச்சனீர்?"

"புத்தகமோ? போனிலை வீடியோ பாத்தனான் அக்கா."

அவருக்குக் காட்டலாமென்று பதினான்காவது பிரதியை எடுத்துவந்து நடுப்பக்கத்தை விரித்தேன். மண்ணெண்ணெய் மை முழுக்கப் போய்விட்டது. கம்பி இல்லை. மின்னல் கீறு இல்லை. பெனியனும் சாரமும் அந்த மனிதரும் இல்லை. மஞ்சள் கடதாசியின் நடுவில், யாரோ நீலப் பேனையால் அழுத்திக் கீறிய பின்னல் மட்டும் தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னக்கா, கயிறோ?" என்றார்.