பன்னிரண்டு கம்பிகளோடு செம்பூருக்கு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாராவி தொண்ணூறடி ரோட்டில் நான் டாக்சிக்குக் கை காட்டியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முதுகில் கிட்டார். அதைச் சுற்றித் தோல் பை, பையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் குடை. எனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை, நனைந்தேன். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்த முருகன் அண்ணன் தன் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னல செல்வின், காச்சக்காரப் புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரில்லா போற!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை.

என்னுடையது பன்னிரண்டு கம்பி கிட்டார், விலை பதினான்காயிரம். கம்பிகள் ஜோடி ஜோடியாக இருப்பதால் ஒருவன் வாசித்தால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு அது பிடித்துப்போகும். ஆனால் கம்பிகள் இழுக்கிற இழுப்பும் அதிகம். விலை உயர்ந்த மரம் தாங்கும், என்னுடையது முனகும். கம்பிகளைக் கீழே பிடித்து வைத்திருக்கும் மரத்துண்டை பிரிட்ஜ் என்போம். இந்த மழைக்காலத்தில் அது பின்பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. முதலில் ஒரு தாள் நுழைந்தது. இப்போது விசிட்டிங் கார்டு நுழைகிறது. என்றாவது மேடையில் மொத்தமாகப் பெயர்ந்துவிடும் என்ற பயத்திலேயே என் நாட்கள் போகின்றன.

அதனால் எல்லாக் கம்பிகளையும் ஒரு கட்டை சுருதி இறக்கித் தளர்த்தியே வைத்திருப்பேன். வாசிக்கும்போது கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற சிறிய கவ்வியை மாட்டினால் சுருதி பழைய இடத்துக்கு ஏறிவிடும், பிரிட்ஜுக்கும் பாரம் ஏறாது. மலிவு விலைப் பன்னிரண்டு கம்பியோடு குடித்தனம் நடத்துகிறவர்களின் வழக்கமான ஏற்பாடு இது.

அன்று மாலை செம்பூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். பாடப்போகிறவர் மாட்டுங்கா சுபா மேடம். பாங்க் வேலை, சனி ஞாயிறில் கச்சேரி. அவருக்குக் கீபோர்டு வாசித்தவர் புனே போய்விட்டார். "ஒரு தடவை சேர்ந்து பண்ணிப் பார்ப்போமே" என்று மேடம் போனில் சொல்லியிருந்தார். சரியாக அமைந்தால் அவருடைய எல்லா நிகழ்ச்சிகளுக்கும் நான்தான். சொதப்பினால் பழையபடி யார் கூப்பிடுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பிரிட்ஜ் விஷயத்தை அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

டாக்சிக்காரர் கண்ணாடியில் பையைப் பார்த்தார். "சிதார் ஹை கியா?"

"கிட்டார், பையா. பாரா தார் வாலா." பன்னிரண்டு கம்பி என்று விளக்கினேன்.

"பாரா!" என்று தலையை ஆட்டினார். "சே மே நஹி ஹோதா?"

ஆறில் முடியாதா என்கிறார். நானும் பல சமயம் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். மூன்று கிலோமீட்டருக்கு அறுபத்திரண்டு ரூபாய் கொடுத்து மாட்டுங்காவில் இறங்கினேன்.

"வாங்கோ செல்வின், நன்னா நனைஞ்சுட்டேளே" என்று துண்டு கொடுத்தார் மேடம். முதல் வேலையாகக் கிட்டாரைத் துடைத்தேன். ஒத்திகையில் அவர் குரலை அடக்கியே பாடினார். "சாயங்காலத்துக்கு வேணுமே" என்று பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டார். பிரிட்ஜ் அவர் கண்ணில் படாமல் நான் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கேப்போவைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்று மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷன். செம்பூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். மேடம் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்ள, நான் பொதுப் பெட்டியில் கிட்டாரை நெஞ்சோடு அணைத்து நின்றேன். சயான் தாண்டிக் குர்லாவில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். அந்தப் பாலத்தில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்துகிறது. ஒரு முழங்கை பையில் இடித்ததும் உள்ளே எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தன. பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

செம்பூரில் ஆட்டோ, குறைந்தபட்சக் கட்டணம் இருபத்தாறு. மண்டபத்தின் பக்கத்து அறையில் பையைத் திறந்து முதலில் பிரிட்ஜைப் பார்த்தேன். அதே கார்டு அளவுதான். உயிர் வந்தது. பிறகு கேப்போவைத் தேடினேன். பையின் இரண்டு அறைகள், சட்டைப்பை, பேண்ட் பை, விரிப்பின் மடிப்பு. இல்லை. ஜன்னல் கம்பி கண்முன் வந்து நின்றது. வந்த உயிர் போய்விட்டது.

வழி இரண்டுதான். கம்பிகளை முறுக்கிச் சுருதியை ஏற்ற வேண்டும். அந்த இழுப்பை பிரிட்ஜ் தாங்காது. இல்லையென்றால் மேடத்தை ஒரு கட்டை இறங்கிப் பாடச் சொல்ல வேண்டும். பாடகியிடம், மேடையேறும் நேரத்தில், முதல் நாளே, உங்கள் கட்டையை மாற்றுங்கள் என்று யார் கேட்பார்? நான் முறுக்கத் தொடங்கினேன். மூன்றாவது கம்பியில் மரம் 'டிக்' என்றது. கை நின்றுவிட்டது.

"என்ன பண்றேள்?" மேடம் வாசலில் நின்றார்.

"மேடம்... கேப்போவ உங்க வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். சுருதி ஒரு கட்டை கம்மியா இருக்கு. இப்ப ஏத்திருதேன்."

"வேண்டாம், வேண்டாம்!" என்றார் அவசரமாக. "ஏத்தாதேங்கோ. நான் இறங்கிப் பாடிக்கறேன். ஒண்ணும் ஆயிடாது."

ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கட்டையில் அவர் குரல் அகலமாக உட்கார்ந்தது, என் விரல்கள் பழகின இடத்திலேயே ஓடின. அறுபதைத் தொட்ட மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். நான் மட்டும் ஒவ்வொரு பாட்டிலும் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குச் செம்பூர் பிளாட்பாரத்தில் மேடம் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். என் கேப்போ.

"ஜன்னல்ல பார்த்து எடுத்து வச்சுண்டேன். இது இல்லேன்னா சுருதி இறங்கிடும்னு தெரியும். குர்லாவிலேயே கொடுத்திருக்கணும். ரெண்டு நாளா தொண்டை சரியில்லை, செல்வின். சுருதியைக் குறைக்கச் சொன்னா, இந்தம்மாவுக்குக் குரல் போயிடுத்துன்னு நினைச்சுடுவேளோன்னு பயம்."

கோபம் வந்தது. நான் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் அவர் கண்களில் இருந்த கலக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த கலக்கம். பெஞ்சில் பையைத் திறந்து, சட்டைப்பையிலிருந்த விசிட்டிங் கார்டை பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்துக் காட்டினேன். மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கேப்போவைத் திரும்ப வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை வாஷியில கச்சேரி. அங்கேயும் இறங்கியே பாடறேன். இது என்கிட்டயே இருக்கட்டும்."

தாராவியில் மழை விட்டிருந்தது. முருகன் அண்ணன் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு எப்படில இருக்கு?"

"அப்படியேதாண்ணே இருக்கு," என்றேன். "பாடுற அம்மா வீட்லயும் காச்சலாம்."