பத்து சோப்பு

கூக்கால் என்ற மலைக் கிராமத்துக்கு மேலே ஒரு பூண்டுத் தோட்டத்தில் இரண்டு வருஷம் கடை பார்த்தேன். தோட்டமும் கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். சனிக்கிழமைதோறும் வேலையாட்களுக்குக் கூலியாக ரப்பர் ஸ்டாம்பு அடித்த மஞ்சள் சீட்டுதான் தருவார். எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. ரூபாயாகக் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள் என்று காரணம் சொல்வார். நானும் நம்பினேன். என் சம்பளம் மட்டும் ரூபாயாக வந்ததால் நம்புவது சுலபமாக இருந்தது.

களையெடுக்கிற அக்கா ஒருவர் வாரம் தவறாமல் பத்துக் குளியல் சோப்பு வாங்குவார். அரிசியும் பருப்பும் கொஞ்சம்தான். "இந்தக் குளிர்ல தெனம் ரெண்டு வேளை குளிக்கிறீங்களாக்கா?" என்று ஒருநாள் கேலி பண்ணினேன். வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

சரக்கு எடுக்க வத்தலக்குண்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை ஓரத்தில் அவரைப் பார்த்தேன். சாக்கு விரித்து அதே சோப்புகளைப் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறி, முந்தானையால் சோப்பை மூடினார். மகள் அந்த ஊரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாளாம். மறுநாளுக்குள் சாப்பாட்டுப் பணம் கட்டாவிட்டால் படிப்பை விட்டுவிட்டுப் பூண்டுக் காட்டுக்கே வர வேண்டியதுதான். தோட்டத்தில் பாதிப் பேர் சீட்டை இப்படித்தான் காசாக்குகிறார்களாம். எனக்குத்தான் தெரியவில்லை.

"விடுதியில சீட்டு வாங்க மாட்டாங்கல்ல தம்பி. முதலாளிகிட்ட சொல்லிராதீங்க, சோலி போயிரும்."

அன்று கேலி பண்ணிய நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மிச்சமிருந்த சோப்பை முழு விலை கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தார். ஜீப் சத்தம் கேட்டதுமே மஞ்சள் சீட்டுக் கட்டை அரிசி மூட்டைக்கு அடியில் தள்ளச் சொன்னார் முதலாளி. தள்ளினேன். கூலி எப்படித் தருகிறார்கள் என்று கடையில் நின்ற வேலையாட்களிடம் அதிகாரி கேட்டார். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அந்த அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் பேசினால் மகளின் படிப்பும் சேர்ந்து போகும், நான் பேசினால் என் வேலை மட்டும்தான் போகும் என்று தோன்றியது. குனிந்து சீட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

கூலியை ரூபாயாகவோ வங்கிக் கணக்கிலோதான் தர வேண்டும், இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அதுதான் சட்டம் என்று அதிகாரி எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். முதலாளி என்னைத் திட்டவில்லை. சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை எல்லோர் கையிலும் ரூபாய் இருந்தது. கடையில் வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. அக்கா கடைசியாக வந்தார். பழக்க தோஷத்தில் பத்து சோப்பை எடுத்து அவர் முன்னால் அடுக்கிவிட்டேன்.

அவர் ஒன்பதை என் பக்கம் தள்ளினார்.

"குளிக்க ஒண்ணு போதும் தம்பி."