பழுப்பானது தண்ணீரா, கம்பியா?

கோவை கணபதியில், உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறையில் சேர்ந்த முதல் நாளே நிக்கல் தொட்டி கலங்கிவிட்டது. புது ஆள் எதையோ கொட்டிவிட்டான் என்று முதலாளி என்னை முறைத்தார். ஃபோர்மேன் பாசிட்டிவ் பக்கம் தொங்கிய நிக்கல் கட்டியைத் தூக்கிப் பார்த்தார். அதை இரும்புக் கம்பியில் கட்டியிருந்தார்கள். கரண்ட் ஓடும்போது பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து தொட்டியில் இறங்கும். நிக்கலோடு இரும்பும் இறங்கிவிட்டது. கட்டியவர் முதலாளியேதான். அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை.

போன வருடம் சோமனூரிலிருந்து தங்கை சரோஜா போன் செய்தாள்.

"அண்ணா, பக்கத்தூட்டு பழனிச்சாமி நம்ம போர் தண்ணில சாயத்தக் கலந்துபோட்டானுங்க. ஃபில்டர் விக்கற தம்பி மெஷின் போட்டுக் காட்டுச்சு, தண்ணி அப்படியே பழுப்பாப் போச்சுங்க. நாளைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல சொல்லி அவன் பட்டறைய மூட வெக்கறேன் பாருங்க!"

அந்த போர்வெல் இரண்டு வீட்டுக்கும் பொது. பழனிச்சாமி வீட்டுக்குப் பின்னால் சின்னச் சாயப் பட்டறை வைத்திருந்தார். அதை மூடினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் கலந்திருப்பார் என்றே நானும் நினைத்தேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

ஃபில்டர்காரப் பையன் எனக்காக மறுபடி செய்து காட்டினான். ஒரு டம்ளரில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஃபில்டர் தண்ணீர், இரண்டிலும் ஜோடிக் கம்பிகள். ஸ்விட்சைப் போட்டதும் போர் தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது. மற்றது தெளிவாகவே இருந்தது.

"பாத்தீங்களா சார், இதுதானுங்க உங்க ஒடம்புக்குள்ள போகுது."

பழக்க தோஷம், என் கண் கம்பிக்குப் போனது. போர் தண்ணீரில் இருந்த இரும்புக் கம்பி அரித்துப்போயிருந்தது. மற்றதில் புதுசாகப் பளபளத்தது.

"தம்பி, அந்த நல்ல தண்ணில ஒரு சிட்டிகை உப்பப் போட்டு ஓட்டுங்க பாக்கலாம்."

"ஐயோ, மெஷினுக்கு ஆகாதுங்க சார்."

பழனிச்சாமி மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிடமே இவன் மேல் தாவியது. அதற்குள் சரோஜா உப்பை அள்ளிப் போட்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். ஃபில்டர் தண்ணீரும் பழுப்பானது.

விஷயம் இவ்வளவுதான். சுத்தமான தண்ணீரில் கரண்ட் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது. உப்பு இருந்தால் ஓடும். கம்பி கரைந்து துருவாகும். நாங்கள் பார்த்த அழுக்கு அவன் கொண்டுவந்த கம்பியின் துரு. அதற்காக போர் தண்ணீர் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. அதை லேபில்தான் பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். தொட்டி கலங்கினால் முதலில் கம்பியைப் பார், ஆளைப் பிறகு பார்க்கலாம். பட்டறையில் கற்ற பாடம் சாயப் பட்டறைக்காரர் என்றதும் எனக்கே மறந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது.

சரோஜா பையனை விடவில்லை. மெஷினோடு அவனையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். பழனிச்சாமி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நானே வரலாம்னு இருந்தனுங்க. உங்கூட்டுக் கக்கூஸ் குழி கசிஞ்சு போர்ல எறங்குதுங்க. கூட்டத்துல சொல்றதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடலாம்னு..."

சொல்லும்போதே எங்கள் பின்னால் ஒளிந்து நின்ற பையனைப் பார்த்துவிட்டார்.

"அட, தம்பியும் வந்திருக்குதா? நீங்களே சொல்லுங்க தம்பி, நேத்து மெஷின் போட்டுக் காட்டுனீங்கல்ல!"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். சரோஜா கேட்டாள்:

"ஏனுங்க, ஊட்ல உப்பு இருக்குதுங்களா?"