மாணவர் பால் சங்கத்தில் அப்ரண்டிஸ்

மாட்டுச் சந்தையில், துண்டுக்கு அடியில், தரகரின் கையைப் பிடித்துக் குலுக்கியவன் நான். கொங்குச் சீமையில் ஏர் பூட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படி ஒரு காரியத்தைச் செய்த இன்னொருவரை இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

அப்போது சேலத்தில் இண்டர்மீடியட் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பாலில் தண்ணீர் கூடி விடுதிக் காப்பி நீலம் பாய்ந்து வந்ததால், மாணவர்களே ஒரு பால் சங்கம் வைத்து நடத்தினார்கள். இரண்டு மாட்டுக்காரர்களிடம் பால் வாங்கி, விடுதிக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஊற்றுவது வியாபாரம். சங்கத்தில் தலைவர், உபதலைவர், செக்ரட்டரி, பொக்கிஷதார் எல்லோரும் இருந்தார்கள். பால் ஊற்றத்தான் ஆள் இல்லை. ஆகவே கோடை லீவில் ஒரு அப்ரண்டிஸை எடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். சம்பளம் கிடையாது. வியாபாரம் கற்றுக்கொடுக்கப்படும்.

கற்றுக்கொடுக்க வேண்டியவர் செக்ரட்டரி. மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சங்கக் கூட்டம் போட்டுவிடுவார். சங்க வேலை அதிகமாகிவிட்டதால் இண்டரை இரண்டாம் தரம் எழுதிக்கொண்டிருந்தார். கோட்டுப் போடுவார், கோட்டுப் பையில் எப்போதும் வியாபாரம் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருக்கும். அவரிடம் எனக்கு ஏற்பட்ட மதிப்பில் பாதி அந்தக் கோட்டினால்தான்.

"நீ பண்ணையத்து வீட்டுப் பையன். சங்கத்துக்குச் சொந்தமா ஒரு எருமை வாங்கப் போறோம். சந்தையில விலை பேசத் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியுமுங்க" என்றேன். படிக்கிற பிள்ளையின் புத்தி கெட்டுவிடும் என்று அப்பா என்னைச் சந்தைப் பக்கமே விட்டதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எனக்கு மெட்ராஸ் போய் பி.ஏ. படிக்க வேண்டும். வேறு ஆசையே அந்த வயதில் எனக்குக் கிடையாது. அப்பா, இண்டரே அதிகம் என்று கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது திருச்செங்கோட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்த என் தாய்மாமன். அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "லீவுக்கு மண்டிக்கு வந்து உக்காரச் சொல்லுங்க. சூட்டிகை எப்படின்னு பாத்துட்டு, மேல படிக்க வெக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

மண்டிக்குப் போனால் மெட்ராஸ் கிடைக்கலாம். சங்கத்தில் இருந்தால் மாமாவுக்குக் கோபம் வரும், மெட்ராஸ் போய்விடும். புத்தியுள்ளவன் உடனே மூட்டையைக் கட்டியிருப்பான். நானோ, "அப்ரண்டிஸ்" என்று என்னை நானே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு மூட்டை மூட்டையாய்க் கடலைக்காய் நிறுக்கும் இடத்தில் மனசு உட்கார மறுத்தது. சந்தைக்குப் போய் வந்து முடிவு சொல்கிறேன் என்று செக்ரட்டரியிடம் சொன்னேன்.

மல்லசமுத்திரம் பக்கத்துச் சந்தை. செக்ரட்டரி கோட்டோடு வந்தார். வழியெல்லாம் புத்தகத்திலிருந்து பாடம். வியாபாரி கை கொடுத்தால் உறுதியாகக் கொடுக்க வேண்டுமாம், தளர்ந்த கையை எவனும் நம்ப மாட்டானாம்.

எருமை லட்சணமாகத்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தரகர் தன் துண்டை எடுத்து, அவர் கையும் என் கையும் மறையும்படி போட்டார். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாமல் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எருமை விலையில் விரல் ஒன்றுக்குப் பத்து ரூபாய். இது ஊரில் மூக்கு ஒழுகும் பையனுக்கும் தெரியும். தரகர் என் மூன்று விரலைப் பிடித்தார். சரி, கை கொடுக்கிறார் என்று நான் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, உறுதியாக இறுக்கினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங் சாமி, இதுதானுங்களா உங்க பேச்சு?"

"இதுதானுங்க."

"ஒருக்கா ரோசனை பண்ணிக்குங்க."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அழுத்திக் குலுக்கினேன். பக்கத்தில் செக்ரட்டரி பெருமையோடு தலையாட்டினார். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். கை கொடுத்தபின் பேச்சு மாறக் கூடாது, அது சந்தைச் சட்டம். மாட்டை விற்றவர் கயிற்றை மட்டும் தானே வைத்துக்கொள்வது வழக்கம். இந்த எருமைக்காரர் மனம் நிறைந்து கயிற்றையும் கொடுத்துவிட்டார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போதுதான், முப்பது ரூபாய் கேட்ட எருமைக்கு நான் ஐம்பது பேசி முடித்த விஷயம் விளங்கியது. செக்ரட்டரி பையைக் காலி செய்தார்.

திரும்பும் வழியில் ஒரு ஏரி. எருமை எங்களைக் கேட்காமல் அதில் இறங்கிப் படுத்துக்கொண்டது. வெயில் தாழும்வரை அது எழுந்திருக்காது என்று தெரிந்ததும் இருவரும் கரையில் உட்கார்ந்தோம். எனக்கு விரல் பேச்சே தெரியாது என்பதைச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார். "குலுக்கச் சொன்னவன் நான்தானே." சிரிக்க ஆரம்பித்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

கொஞ்சம் தைரியம் வந்து, "இந்த ரெண்டு மாசத்துல நான் என்னங்க கத்துக்குவேன்?" என்று கேட்டேன்.

"நாங்க கத்துக்கறதைத்தான்."

"நீங்க என்ன கத்துக்கறீங்க?"

"அது தெரியாமத்தானே அப்ரண்டிஸ் வெக்கிறோம். புதுசா வர்றவன் கேள்வி கேப்பான், நாங்களும் யோசிப்போம்." பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு ஏரித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, "கூட்டத்துல நான் ஏமாந்துட்டேன்னு சொல்லிக்கறேன். உன் பேரு வேண்டாம்" என்றார்.

மண்டியில் இதே தப்பைச் செய்திருந்தால் அடுத்த தலைமுறைவரை கல்யாண வீடுகளில் என் கதை ஓடும். லாப நஷ்டம் பார்த்தால் சங்கத்தில் இருப்பது தேறாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. "இருக்கிறேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இருந்தேன். லீவு மாணவர்களுக்குத்தான், எருமைக்குக் கிடையாது என்பதே முதல் பாடம். தவிடு, பருத்திக்கொட்டை, சாணி என்று பாடத்திட்டம் விரிந்தது. செக்ரட்டரி தினமும் காலையில் வந்து, பால் வியாபாரத்தின் எதிர்காலம் பற்றிப் பேசியபடியே சாணி அள்ளினார். அவரைப் போல ஒரு முதலாளி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. எருமையும் நல்ல எருமை. பொக்கிஷதாரை உதைத்ததைத் தவிர அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ராத்திரியில் மட்டும் மெட்ராஸ் நினைவு வரும்.

வைகாசியில் ஒரு நாள், குடையும் கையுமாக மாமா விடுதிக்கே வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, செக்ரட்டரி கொடுத்த பாலை மெதுவாகக் குடித்தார்.

"பால் நல்லாத்தான் இருக்குது மாப்ளே. எருமை என்ன வெலை?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சொல்ல வேண்டாம். அந்தத் தரகன் நம்ம மண்டியில வந்து சொல்லிட்டுத்தான் போனான். பத்துப் பேரு இருந்தாங்க."

இருந்தாலும் கேட்டுவிட்டேன். "மாமா, அந்த பி.ஏ. விசயமுங்க..."

"பீசு நான் கட்டறேன். மெட்ராசுக்குப் போ."

நான் செக்ரட்டரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, ரெண்டு மாச அனுபவத்துக்கே இப்படி ஒரு மதிப்பு" என்றார் மாமாவிடம்.

மாமா எழுந்து குடையை விரித்தார்.

"அதில்லீங்க தம்பி. இவனை மண்டியில உக்கார வெக்கறதுக்கு, மெட்ராசுல வெச்சுப் படிக்க வெக்கறது செலவு கொறைவுங்க."