தண்ணீர் காட்டக் கூடாத கல்

போன வாரம்வரை அது கல். இப்போது சமையலறைச் சன்னலோரம் ஒரு போத்தலில் கறுப்புச் சேறாகக் கிடக்கிறது. பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய மருமகள் அதை என் அலுமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். மேலே பூசியிருந்த மெழுகை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள். பாவம், பளிச்சென்று ஆக்கித் தர நினைத்தாள்.

அந்தக் கல்லை எனக்குத் தந்தவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கண்டியில் பாறைகளை ஆராயும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவர் புவிச்சரிதவியலாளர். நான் அங்கே வரைபடம் வரைபவள். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கல் வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். களிக்கல்லாக இருந்தால் ஓர் ஓரத்தை முன்பல்லால் கடித்து, பல்லில் மணல் நறநறக்கிறதா என்று பார்ப்பார். தேநீர் நேரத்தில் சேருக்கு மட்டும் பிஸ்கட் வேண்டாம் என்று கேலி செய்வோம்; அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

புத்தளம் பக்கத்து நிலத்தடியில் எண்ணெய் ஊறிய களிக்கல் இருக்கிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பழைய ஏரியின் அடியில் சேறும் இலையும் பாசியும் படிந்து, அமுங்கி இறுகிய கல். "கண்டிக் கல்லு பூமிக்குள்ள வெந்து வந்தது. இது வேகாதது. அதாலதான் எண்ணெய் இன்னும் உள்ளுக்க கிடக்கு" என்பார். கடைசியில் ஒரே ஒரு துளை போட அனுமதி கிடைத்தது. தோண்டியெடுத்த கல் உருளைகள் பெட்டி பெட்டியாக லொறியில் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்து மேற்கொண்டு தோண்டுவதா என்று முடிவு செய்ய, மறுநாள் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் மஹய்யாவையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று பிள்ளைகள்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உருளைகள் வந்தால் குழாய் பிடித்துக் கழுவி, நிறம் எடுப்பாகத் தெரிய அடுக்கிவைப்பது எங்கள் அலுவலக வழக்கம். கண்டிக் கல்லை எத்தனை மழையில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பெரியவர்கள் வருகிறார்களே என்று அண்ணன் அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே கழுவினார். சேர் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது பெட்டிகளில் கல் இல்லை. கறுப்புக் கூழ்தான் இருந்தது.

யார் இதைக் கழுவியது என்று தலைமை அதிகாரி கேட்டார். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. வேலை போயிற்று என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. சேர் குனிந்து ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து விரலில் தேய்த்தபடியே சொன்னார்: "நான்தான் கழுவச் சொன்னனான்."

களிக்கல் தண்ணீருக்குத் தாங்காது என்பது இந்தப் படிப்பில் அரிச்சுவடி. அதுகூடத் தெரியாத ஆளா என்று அவர்கள் அவர் முன்னாலேயே சிரித்தார்கள். துளை போடும் வேலை அத்தோடு நின்றது. அண்ணனுக்கு நிரந்தர நியமனம் வந்தது. அவர் சேரின் மேசை முன் நின்று அழுதபோது சேர் சொன்னதை நானும் கேட்டேன்.

"அந்தக் கல்லு இவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தது, இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கட்டும். உங்கட பிள்ளையளுக்கு இண்டைக்கே பசிக்கும்."

மெழுகு பூசி அவர் மேசையில் வைத்திருந்த ஒரு துண்டுதான் மிஞ்சியது. மாற்றலாகி ஊருக்குப் போகும்போது, தண்ணி மட்டும் காட்டிப்போடாதேங்கோ பிள்ளை என்று சொல்லி, அதை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மருமகள் அதை ஊறப்போட்ட அன்று மாலை, மகன் வேலைவிட்டு வந்ததும் வாளியைப் பார்த்துவிட்டான்.

"யாரும்மா இதைக் கழுவுனது?"

குரல் உயர்ந்திருந்தது. மருமகள் ஈரக் கையோடு கதவோரம் நின்றாள்.

"நாந்தான் கழுவச் சொன்னேன்" என்றேன்.

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில், தண்ணீர்க் குவளையோடு அந்த அலுமாரிப் பக்கம் போனதற்காக என்னிடம் அடி வாங்கியவன் அவன்.