என் மோட்டாருக்கு வடிவம்மாள் சொன்ன சாட்சி

1937-இல் என்னிடம் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போவேன். பாதி வழி வண்டி அவர்களைச் சுமக்கும். மீதி வழி அவர்கள் வண்டியைத் தள்ளுவார்கள். அது தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்து, ஓட்டித் தேய்த்து, என் தலையில் கட்டிவிட்டுப் போனது. என் பெயர் உச்சிமாகாளி. ஆனால் 'மெக்கானிக்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

அந்த வருஷம் சாரலுக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தம்மிடமும் இதே மாதிரி வண்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

"கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருந்தா, இதையும் நானே வாங்கிக்கிறேன்."

"ஒரு ஆணிகூட மாத்தலை அய்யா," என்றேன். சொல்லும்போது நானே அதை நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் காலை குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி வடிவம்மாளிடம் முன்கூட்டியே, "வண்டியை வாங்க ஒருத்தர் வாராரு. என்னையப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை சொல்லு," என்று சொல்லி வைத்திருந்தேன். அதைவிட என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

அவர் முன்விளக்கைத் தட்டிப் பார்த்தார். "இது வந்தபடியே இருக்கிறதுதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு முந்தினாள். "அது மைதீன் பாய் கடையில பழைய இரும்போட கெடந்தது அய்யா. இவுகதான் தேடிப் பிடிச்சு மாட்டுனாவ. பொருத்தமா இல்ல?"

"இந்த மிதிபலகை?"

"எங்க தொழுவத்துக் கதவு! நல்ல தேக்கு. இப்போ தொழுவத்துக்குத்தான் கதவு இல்ல."

நான் இருமினேன். தொண்டை வறண்டுவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மதுரைக்காரர் எஞ்சின் மூடியைத் தூக்கி, கம்பெனித் தகட்டில் போட்டிருந்த எஞ்சின் நம்பரையும் எஞ்சின் மேலேயே இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தார். "ரெண்டும் வேற வேறயா இருக்கே?"

"வேறயாத்தான் இருக்கும்," என்றாள் வடிவு. "வீரகேரளம்புதூர்ல குளத்துக்குள்ள விழுந்து கெடந்த காரோட எஞ்சின்லா இது. தண்ணியில ஊறுனதையே ஓட வச்சுட்டாவ எங்க வீட்டுக்காரவுக!"

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் எங்கள் தொழுவத்துக் கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அந்தச் செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். கடைசியில் அவர் எழுந்து, பித்தளை ஆரனின் ரப்பர் பந்தை ஒரு அமுக்கு அமுக்கினார். 'பாம்' என்றது.

"இது?"

வடிவின் முகம் வாடிப்போயிற்று. "அது மட்டும் வந்தபடியேதான் இருக்கு அய்யா. அதைத் தொட இவுகளுக்கு நேரமே வாய்க்கலை."

"என் வண்டியில இது ஒண்ணுதான் இல்லை," என்றார் அவர். நான் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து, ஆரனை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். வழியனுப்பிய வடிவு, "மிச்சத்துக்கு எப்போ வருவாரு?" என்று கேட்டாள்.

சீசன் முடியும் வரை குற்றாலக் கூட்டத்துக்கு நடுவே நானே ஆரனாக இருந்தேன். "ஏலே, வெலகு! வெலகுலே!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டால், வண்டியில் இருந்தவர்கள் எனக்காகக் கத்தினார்கள். காசும் கொடுத்து, வண்டியையும் தள்ளி, கத்தவும் செய்த புண்ணியவான்கள்! அடுத்த தையில் புது ஆரன் வாங்கி மாட்டினேன். அதை அடித்தால் ஒரு மாடுகூட நகரவில்லை. தலையை வெளியே நீட்டி நான் கத்தினால்தான் வழி கிடைத்தது.