தரையைத் தட்டினால் விட வேண்டும்

என் தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். திருப்பரங்குன்றத்தில் மண்டபம், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதற்கு முந்தைய சனிக்கிழமையே சமயநல்லூரில் அவர்கள் தெரு முனையில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். நான் பழங்காநத்தத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு, அந்தப் பிளக்ஸைப் பார்ப்பதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நடுவில் குழந்தை. இரண்டு பக்கமும் தங்கையும் மாப்பிள்ளையும். வலது ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மாப்பிள்ளையின் அண்ணன், கூலிங்கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். தாய்மாமன் எங்கே என்று தேடினேன். கீழ் வரிசையில், சமையல்காரரின் போன் நம்பருக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் சைஸில் இருந்தேன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீர் கொண்டு நான் போய் இறங்கும்வரை ஆசாரி ஊசியை வெளியே எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆளை எங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். பிளக்ஸில் தலை சின்னதாகிவிட்டது என்று விசேஷத்துக்கே வராமல் இருந்த சித்தப்பாக்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் உண்டு. நானே அவர்களை வருஷக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வீடு தள்ளித்தான் தங்கை வீடு. அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். சிக்னலில் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால், வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கிப் போய் என்னவென்று கேட்கிற ஆள் நான். கபடியில் மட்டும் இந்தக் கோபத்துக்கு மரியாதை உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. கோபத்தோடு பாய்கிறவன் முதல் ஐந்து நிமிஷத்தில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். பாடி வருகிறவனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் திரும்பும்வரை பொறுத்திருப்பவனுக்குத்தான் பிடி விழும். ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர் நான், நல்ல கார்னர். கோட்டுக்குள் நிற்கும்போது எனக்குப் பொறுமை தானாக வந்துவிடும். வெளியே வந்தால்தான் எங்கேயோ போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக வெளியே இருந்த கோபத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலையில் பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கூடி ஆடுவோம். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அந்த மண்ணில் பழகித்தான் அவரைத் தங்கைக்குப் பேசினேன். நடுவர் யாரும் கிடையாது. தொட்டானா இல்லையா, மூச்சு விட்டானா இல்லையா என்று ஒவ்வொரு ரெய்டுக்கும் தகராறு நடக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் தகராறே இல்லை. பிடிபட்டவன் தரையைத் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். எல்லோருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது, திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

மாப்பிள்ளை எதிர் அணி. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், நேத்து தெரு வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டீங்களாமே?"

அவர் பாடிக்கொண்டு உள்ளே வந்தார். என் பக்கம் கால் நீட்டித் திரும்பும்போது தொடையோடு சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கினேன். பிடியில் தப்பில்லை. வலது தோள் அடியில் மாட்டிக்கொள்ள விழுந்தார். உடனே தரையைத் தட்டினார். என் காதுக்குப் பக்கத்திலேயே அந்தக் கை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குக் கேட்டது. நான் விடவில்லை. மார்பை வைத்து இன்னும் அழுத்தினேன். அந்தக் கூலிங்கிளாஸ் முகம்தான் மனதில் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நாலாவது தட்டுக்கப்புறம் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மற்றவர்கள் எங்கள் முதுகைத்தான் பார்த்தார்கள், தட்டிய கை யார் கண்ணிலும் படவில்லை. "விழுந்த வாக்கு சரியில்லப்பா" என்று அவர்களே முடிவு செய்துகொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காறை எலும்பு முறிந்திருக்கிறது, ஆறு வாரம் பட்டை போட வேண்டும் என்றார்கள். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அவளிடம் "மண்ணு சறுக்கிருச்சு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு தட்டுனாரா?"

அந்தச் சட்டம் அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். டிவி ரிமோட்டுக்காக அவள் கையை முறுக்குவேன். நான் மைதானத்தில் கற்றுக்கொண்டு வந்ததைப் பார்த்து அவளும் தரையைத் தட்டப் பழகிக்கொண்டாள். சில நாள் விடுவேன். சில நாள் கேட்காத மாதிரி இருப்பேன். கை கன்றிப் போனதற்கு அம்மாவிடம் கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"தட்டல" என்றேன்.

"சரிண்ணே" என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் கடையில் எந்த வேலையும் உருப்படியாக ஓடவில்லை. ஒரே மோட்டாருக்கு இரண்டு தடவை தப்பாகச் சுற்றிப் பிரித்தேன். உண்மையைச் சொன்னால் தங்கை அந்தக் குழந்தையை என் மடியில் உட்கார வைப்பாளா என்பதுதான் பயம். எங்கள் சித்தப்பா மகனும் தாய்மாமன் முறைதான், அவனை உட்கார வைத்தாலும் சடங்கு நடந்துவிடும். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது? சொல்லாமல் உட்கார்ந்தாலோ, பொய்யை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. கடைசியில் புதன்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன்.

மாப்பிள்ளை தோளில் பட்டையோடு இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காராமலேயே சொன்னேன்.

"அவரு தட்டுனாரும்மா. நாலு தடவ. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுத்தான் விடல."

மாப்பிள்ளை ஸ்பூனைத் தட்டில் வைத்தார். "தெரியும் மச்சான். பிளக்ஸுக்குத்தான?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க படம் பெருசாக்குனா மங்கலாத் தெரியுதுன்னு கடைக்காரன் சின்னதாப் போட்டுட்டான். ஒரு போனப் போட்டு நல்ல படம் அனுப்பச் சொல்லியிருக்கலாம், எனக்கும் தோணல. அதுக்குப் போய் இம்புட்டா மச்சான்?" என்றார். சிரித்தார், தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தங்கை சிரிக்கவில்லை. முள் எடுத்த மீனை அவர் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னதுல நான் தட்டுனப்பவும் கேட்டுச்சாண்ணே?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொல்லிப் பட்டது போதும் என்று தோன்றியது.

"கேட்டுச்சு."

அவள் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "வெள்ளிக்கிழமை நேரத்துக்கு வந்துருண்ணே. பெரியவுக எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாக" என்றாள். சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சீரோடு நேரத்துக்குப் போய் இறங்கினேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையைத் தங்கையே கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தாள். குத்தும்போது குழந்தை திமிறாமல் கையையும் தலையையும் பிடித்துக்கொள்வது தாய்மாமன் வேலை. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீரிட்டது, நான் பிடித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். சாதாரணமாக இந்த நேரத்தில் பெற்றவள் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லையென்றால் குழந்தையோடு சேர்ந்து அழுவாள். என் தங்கை எனக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, குழந்தையின் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு காதும் குத்தி முடியும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.